சுருட்டை முடிக்கு ‘ட்விஸ்ட்’ பின்னல்: வீட்டிலேயே போடுவது எப்படி? யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

காலை ஏழே கால். ஸ்கூல் வேன் வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் ரிப்பனோடு அம்மா நிற்க, சுருட்டை முடியில் சிக்கிய சீப்பை இழுக்க இழுக்க மகளுக்குக் கண்ணில் தண்ணீர். “அம்மா, வலிக்கும்மா... மெதுவா!” “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, வேன் வந்துரும்!”

சுருட்டை முடி இருக்கிற வீடுகளில் தினமும் நடக்கும் காட்சி இது. வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் கான்சாபுரம், கூமாபட்டி போன்ற ஊர்களில் இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள் சேரும். ஒன்று, ஆடி மாசக் காற்று. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்குவதற்குள் முடி கூடு கட்டிவிடும். இன்னொன்று, சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். அதில் தலைக்குக் குளித்தால் முடி நார் மாதிரி ஆகிவிடுகிறது என்ற புலம்பல் பல வீடுகளில் உண்டு.

இதற்கு ஒரு வழியாக இப்போது யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் அதிகம் பேசப்படுவது ‘புரொடெக்டிவ் ட்விஸ்ட்’. அதாவது முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, கயிறு திரிப்பது போல முறுக்கி, சில நாட்கள் அப்படியே விட்டுவிடுவது. இது உண்மையிலேயே முடியைக் காப்பாற்றுமா? நம்ம ஊர் முடிக்கு ஒத்துவருமா? வீட்டிலேயே எப்படிப் போடுவது? எப்போது அதுவே ஆபத்தாக மாறும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘ட்விஸ்ட்’ என்றால் என்ன?

சாதாரண ஜடைக்கு மூன்று கால் பின்னல். ட்விஸ்டுக்கு இரண்டு கால்தான். ஒரு பகுதி முடியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே நுனி வரை போவது. தலை முழுவதும் இப்படிப் பத்து, பதினைந்து, இருபது என்று சின்னச் சின்ன முறுக்குகள் தொங்கும்.

இதை ‘பாதுகாக்கும்’ சிகை அலங்காரம் என்று சொல்வதற்குக் காரணம் எளிமையானது. முடி உடைவது பெரும்பாலும் நாம் அதைத் தொடும்போதுதான். தினமும் சீவுவது, துண்டால் தேய்ப்பது, தலையணையில் உரசுவது, காற்றில் பறந்து சிக்காவது, அயர்ன் பண்ணுவது எல்லாமே முடிக்கு அடிதான். முறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு வாரம், பத்து நாளுக்கு இந்த அடி எதுவும் விழாது. முடியின் நுனி, அதாவது அதன் மிகப் பழைய, மிகவும் நைந்த பகுதி, உள்ளே பத்திரமாக இருக்கும்.

இது எங்கிருந்து வந்தது?

தலைமுடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பின்னுவதும் முறுக்குவதும் ஆப்பிரிக்க மக்களின் மிகப் பழைய வழக்கம். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர் இதை விடாமல் காப்பாற்றி வந்தார்கள். ஆனால் இந்த முடியோடு பள்ளிக்கோ வேலைக்கோ போனால் ‘ஒழுங்காக இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் 2019-ல் கலிபோர்னியா மாகாணத்தில் ‘கிரவுன் சட்டம்’ கொண்டுவரப்பட்டது. சுருள் முடி, பின்னல், ட்விஸ்ட் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதன்பின் அமெரிக்காவின் பல மாகாணங்கள் இதே சட்டத்தை இயற்றின. பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையும் முடியை வைத்துக் காட்டும் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவை 2024 மார்ச்சில் நிறைவேற்றியது.

ஆக, நமக்கு ஒரு ஹேர்ஸ்டைல். அவர்களுக்கு அது போராடி வாங்கிய உரிமை. போட்டுப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தியாவிலும் இந்த வகை முடி உள்ளவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி இன மக்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். இலங்கையின் புத்தளம் பகுதியிலும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகம் ஒன்று உண்டு.

நம்ம ஊருக்கு இது புதுசா?

பேர் புதுசு. முடியை முடிந்து, சுருட்டி, ஒரு பக்கம் சரித்துக் கட்டும் பழக்கம் புதுசு இல்லை. சங்க இலக்கியத்தில் பெண்களின் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்றே ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அந்த ஐந்து என்னென்ன என்பது நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். குழல், கொண்டை, பனிச்சை, சுருள், முடி என்பது பரவலாகச் சொல்லப்படும் வரிசை. சுருட்டி முடிவதும் அதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் பக்கத்தில் வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும் அந்தக் கொண்டைக்கு ‘ஆண்டாள் கொண்டை’ என்றே பெயர். பரதநாட்டிய மேடையிலும், மார்கழியில் குழந்தைகளுக்குப் போடும் வேஷத்திலும் இன்றும் அதே கொண்டைதான். பெருமாளுக்குக் கட்டிய மாலையில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான், மகள் அதைச் சூடிப் பார்த்த விஷயம் பெரியாழ்வாருக்குத் தெரிந்தது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

சுருட்டை முடி ஏன் சீக்கிரம் உடைகிறது?

தலையின் தோலில் இயற்கையாகவே எண்ணெய் சுரக்கிறது. நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபட்டு வேர்ப் பக்கமே நின்றுவிடும். அதனால்தான் சுருட்டை முடிக்காரர்களுக்குத் தலை பிசுபிசுவென்றும், நுனி வறண்டும் இருக்கிறது. வறண்ட முடி ஒவ்வொரு வளைவிலும் எளிதில் முறியும்.

முடியை 1 முதல் 4 வரை வகை பிரிப்பது வழக்கம். ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் பிரபலப்படுத்திய முறை இது. 1 என்றால் நேர்முடி, 2 அலை முடி, 3 சுருட்டை, 4 மிக நெருக்கமான சுருள். தமிழ்நாட்டில் அதிகம் பார்ப்பது 2-ம் 3-ம். ட்விஸ்ட் பிறந்தது 4-ம் வகை முடிக்காக.

இந்த வித்தியாசம் முக்கியம். 4-ம் வகை முடி முறுக்கினால் முறுக்கிய இடத்தில் நிற்கும். நம்முடைய 2, 3-ம் வகை வழுக்கிக்கொண்டு அவிழும். அதனால் வெளிநாட்டு வீடியோவில் ‘நான்கு வாரம் அப்படியே இருக்கும்’ என்று சொன்னால் அதை நமக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் முடிக்கு ஐந்து நாள் முதல் பத்து நாள் என்பதே நியாயமான கணக்கு.

ட்விஸ்ட் போட்டால் முடி வேகமாக வளருமா?

வளராது. முடி வளர்வது தோலுக்கு அடியில் இருக்கும் வேரில். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. என்பதுதான் அதன் வேகம். மேலே முறுக்கினாலும், பின்னினாலும், அந்த வேகம் மாறாது. வளர்ந்த முடி நுனியில் உடையாமல் மிஞ்சுவதால் நீளம் தெரிகிறது. அவ்வளவுதான் ட்விஸ்டின் வேலை.

என்னென்ன தேவை?

பார்லருக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான பொருள்கள் வீட்டிலேயே இருக்கும்.

• அகலமான பல் உள்ள சீப்பு ஒன்று, வகிடு எடுக்க வால் சீப்பு ஒன்று.

• தேங்காய் எண்ணெய். மற்ற எண்ணெய்களைவிட இதற்கு ஒரு சிறப்பு உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடியின் உள்ளே ஊடுருவுவதே காரணம். தோப்பு நிறைந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

• கண்டிஷனர். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை.

• முறுக்கு நிற்க ஏதாவது ஒரு ஜெல். வீட்டிலேயே செய்யலாம்: கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வழவழவென்று வந்ததும் அடுப்பை அணைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் வடியாது. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

• உலோகப் பட்டை இல்லாத சின்ன ரப்பர் பேண்டு. பணத்தைக் கட்டும் ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், அவிழ்க்கும்போது முடியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

• துவட்டுவதற்குப் பழைய பருத்தி டி-ஷர்ட், ராத்திரி தலையில் கட்ட வழுவழுப்பான சாட்டின் துணி. கிழிந்த பட்டுப் புடவைத் துண்டு இருந்தால் அதுவும் போதும்.

வீட்டில் போடுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். முதல் தடவை என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். கை பழகிவிட்டால் பாதி நேரம்தான்.

1. முதலில் சிக்கு எடுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் தடவி, விரலாலேயே பெரிய சிக்குகளைப் பிரித்துவிடுங்கள்.

2. தலைக்குக் குளியுங்கள். ஷாம்பூவோ சீயக்காயோ, அழுக்கு போக வேண்டியது தலைத் தோலில். முடி நீளம் முழுவதையும் போட்டுக் கசக்க வேண்டாம். கண்டிஷனர் போட்டு, அது தலையில் இருக்கும்போதே அகலச் சீப்பால் சீவுங்கள். நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே இறுகி ஒரே முடிச்சாகிவிடும். உப்புத் தண்ணீர் ஊர் என்றால், கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிக்கிற தண்ணீரில் அலசிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

3. பாதி காயவிடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக முறுக்கக் கூடாது. ஈர முடி சவ்வு மாதிரி நீளும், எளிதில் அறும். டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்து, தொட்டால் குளிர்ச்சி தெரிகிற அளவு ஈரம் இருக்கும்போது ஆரம்பிப்பது சரி.

4. நான்காகப் பிரியுங்கள். நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு வகிடு, காதிலிருந்து காதுக்கு ஒரு வகிடு. மூன்று பாகத்தைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, பின்பக்கத்தில் தொடங்குங்கள். தவறு நடந்தாலும் பின்னால் தெரியாது!

5. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பகுதியை எடுங்கள். ஜெல் கொஞ்சம் தடவி, இரண்டு சமபாகமாகப் பிரியுங்கள்.

6. முறுக்குங்கள். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. இரண்டு பாகத்தையும் சும்மா ஒன்றின் மேல் ஒன்று சுற்றினால் பத்து நிமிஷத்தில் அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே வலது பக்கமாகத் திருகி, பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று இடது பக்கமாகச் சுற்ற வேண்டும்.

ஏன் எதிரெதிர் திசை? தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தனிப் புரி ஒரு பக்கம் முறுக்கப்படும். புரிகளைச் சேர்த்துக் கயிறாக்கும்போது மறுபக்கம் முறுக்குவார்கள். புரி அவிழப் பார்க்கும், ஆனால் அது அவிழும் திசை கயிறு இறுகும் திசை. அதனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதையே ‘இசட் முறுக்கு, எஸ் முறுக்கு’ என்று சொன்னால் போதும். ஒற்றை நூல் ஒரு முறுக்கு, அதை இரட்டை நூலாக்கும்போது எதிர் முறுக்கு. உங்கள் தலையில் நடப்பதும் அதுதான்.

7. வேரில் தளர்வு, நடுவில் பிடிப்பு. முதல் ஒரு விரல் அளவு லூசாக இருக்கட்டும். அதற்குக் கீழே போகப் போக முறுக்கைக் கூட்டலாம். நுனியை விரலில் சுருட்டி விட்டுவிடுங்கள். நிற்கவில்லை என்றால் மட்டும் ரப்பர் பேண்டு.

8. முழுசாகக் காய வேண்டும். மின்விசிறிக் காற்று போதும். உள்ளே ஈரம் இருக்கும்போதே கொண்டை போட்டாலோ, துணி கட்டிப் படுத்தாலோ தலையில் வாடை வரும், பூஞ்சைத் தொற்றுக்கும் பொடுகுக்கும் வழி வைக்கும். அதனால்தான் காலையில் ஆரம்பிக்கச் சொன்னோம்.

ஸ்கூலில் இரட்டை ஜடை கட்டாயம். அப்போ என்ன செய்வது?

தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இரட்டை ஜடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டுவது விதி. தலை நிறைய ட்விஸ்டுடன் போனால் வாசலிலேயே கேள்வி வரலாம். அதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. நடு வகிடு எடுத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று ட்விஸ்ட் மட்டும் போடுங்கள். பள்ளி நாளில் அந்த மூன்றையும் மூன்று காலாக வைத்து ஒரே ஜடையாகத் தளர்வாகப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டிவிடலாம். பார்வைக்கு வழக்கமான இரட்டை ஜடைதான். சாயந்திரம் ரிப்பனை அவிழ்த்தால் முறுக்கு அப்படியே இருக்கும், மறுநாள் காலையில் சிக்கெடுக்க வேண்டிய வேலையே இல்லை. அந்த ஏழே கால் மணி அழுகையும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வகுப்பில் ஒருத்திக்குப் பேன் இருந்தால் போதும். வாரம் ஒரு முறை அவிழ்த்து, பேன் சீப்பு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு?

ராஜபாளையம் பகுதியில் நூற்பாலைகளில் பெண்கள் அதிகம் வேலை பார்க்கிறார்கள். அங்கே முடிக்கு இரண்டு சிக்கல். பஞ்சுத் துகள் பறந்து வந்து முடியில் ஒட்டும். அதைவிடப் பெரியது, ஓடும் மெஷினில் தொங்கும் முடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தலைக்குத் தொப்பி போடச் சொல்வது இதனால்தான்.

ட்விஸ்ட் போட்டவர்கள் எல்லா முறுக்கையும் பின்னால் சேர்த்து, தட்டையான கொண்டையாகச் சுற்றி, கொண்டை ஊசி குத்தி, அதன்மேல் தொப்பி போட வேண்டும். ஒரு முறுக்குகூட வெளியே தொங்கக் கூடாது. தொப்பிக்குள் வியர்வை சேரும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் கொண்டையை அவிழ்த்துக் காற்றாட விடுங்கள். தினமும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் அவிழ்த்துத் தலைக்குக் குளித்துவிடுவது நல்லது.

பூ வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் முழம் முழமாக மல்லிகைப்பூவை ஒரே ட்விஸ்டில் தொங்கவிட வேண்டாம். அந்தப் பாரம் முழுவதும் சில முடி வேர்களில் மட்டும் விழும். நாலைந்து முறுக்கைச் சேர்த்துக் கட்டி, அதில் பூவை வையுங்கள். விசேஷ நாளில் எல்லா முறுக்கையும் ஒரு பக்கமாக ஒதுக்கிச் சுருட்டினால் ஆண்டாள் கொண்டையே போட்டுவிடலாம்.

எப்போது இதுவே ஆபத்து?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். வேரை இழுக்கும் எந்தப் பின்னலும், அது ட்விஸ்டாக இருந்தாலும், நம்ம ஊர் இரட்டை ஜடையாக இருந்தாலும், நாளடைவில் முடியை நிரந்தரமாகக் கொட்ட வைக்கும். மருத்துவர்கள் இதை ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்கிறார்கள். இழுவையால் வரும் வழுக்கை என்று புரிந்துகொள்ளலாம்.

இது ஆப்பிரிக்க முடிக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். மருத்துவ உலகில் இது முதன்முதலில் பதிவானது 1907-ல், கிரீன்லாந்துப் பெண்களிடம். முடியை இறுக்கிக் குதிரைவால் போல் கட்டியதே காரணம். தலைப்பாகைக்குள் முடியை இறுக்கி முடியும் சீக்கியர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• பின்னி முடித்ததும் தலை வலிப்பது, புருவம் மேலே இழுபடுவது போலத் தெரிவது

• நெற்றியோரம், காதுக்கு முன்னால் சின்னச் சின்ன கொப்புளங்கள்

• வகிடு அகலமாகிக்கொண்டே போவது

• நெற்றிப் பொட்டுப் பக்கம் முடி ஏறிக்கொண்டே போய், ஓரத்தில் மட்டும் பூனைமுடி மாதிரி மெல்லிய வரிசை மிஞ்சுவது

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும். பிறகு வளராது. “இறுக்கிக் கட்டினால்தான் முடி வளரும்” என்று சொல்லி ஜடையை இழுத்துப் பின்னும் பாட்டிமார் வீட்டுக்கு வீடு உண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு. வலித்தால் அது பாதுகாப்புப் பின்னல் இல்லை. உடனே அவிழ்த்துவிடுங்கள். ‘ரெண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள்.

யாரெல்லாம் போட வேண்டாம்?

• தலையில் புண், படர்தாமரை, சொரியாசிஸ், அதிகப் பொடுகு, பேன் இருப்பவர்கள் – முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்

• கீமோதெரபி போன்ற சிகிச்சைக்குப் பின் முடி புதிதாக முளைப்பவர்கள்

• பிரசவத்துக்குப் பின் கொத்துக் கொத்தாக முடி கொட்டுபவர்கள் – பெரும்பாலும் குழந்தை பிறந்த இரண்டு, மூன்று மாதத்தில் தொடங்கி, சில மாதங்களில் தானாக நிற்கும்

• ஏற்கெனவே நெற்றியோரம் முடி மெலிந்தவர்கள்

இன்னொரு விஷயம். வேரோடு முடி கொட்டுவதற்குப் பின்னல் மருந்தாகாது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு போன்ற உள் காரணங்கள் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முடி அளவுக்கு மீறிக் கொட்டினால் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்காமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள்.

அவிழ்க்கும்போது ஏன் இவ்வளவு முடி வருகிறது?

முதல் தடவை அவிழ்ப்பவர்கள் பெரும்பாலும் பயந்துவிடுவார்கள். கை நிறைய முடி வரும். பதறாதீர்கள், ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு மனிதருக்குத் தினமும் 50 முதல் 100 முடி கொட்டுவது இயல்பு. சாதாரண நாட்களில் அது சீப்பிலும் குளியலறையிலும் தலையணையிலும் போய்விடுகிறது. முறுக்குக்குள் இருந்தால் கீழே விழ வழியில்லை. பத்து நாளில் 500 முதல் 1,000 முடி உள்ளேயே சேர்ந்திருக்கும். அதுதான் இப்போது மொத்தமாக வருகிறது.

முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் அது உடைந்த முடி. முறுக்கியதில் ஏதோ தவறு என்று அர்த்தம்.

அவிழ்க்கும் முறை: விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நுனியிலிருந்து மேலே. அவசரப்பட்டு உச்சியிலிருந்து பிரித்தால் பத்து நாள் காப்பாற்றியதைப் பத்து நிமிஷத்தில் இழந்துவிடுவீர்கள். எல்லாவற்றையும் அவிழ்த்துச் சிக்கெடுத்த பிறகுதான் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மறுபடியும் போடுவதற்குள் ஒரு வாரமாவது தலைக்கு ஓய்வு கொடுங்கள். அடுத்த தடவை வகிடு அதே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி எடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஸ்ட்ரெயிட்னிங் பண்ணிவிட்டால் போச்சே?

பல பெண்கள் கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் முடிவு இது. ஆனால் கெமிக்கல் ஸ்ட்ரெயிட்னிங் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த அரசு ஆய்வு ஒன்று 2022 அக்டோபரில் வெளியானது. ஸ்ட்ரெயிட்னர் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு அது 4.05 சதவீதம் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஸ்ட்ரெயிட்னர்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை மட்டும் காட்டுகிறது. 2024 மார்ச்சில் ஒரு மருத்துவ இதழில் இன்னொரு சம்பவம் வெளியானது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு, முடியை நேராக்கிய மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரீமில் இருந்த கிளையாக்ஸிலிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

ஒரு தடவை செய்தாலே நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ‘சுருட்டை முடி அசிங்கம்’ என்று யாரோ சொன்னதற்காக எடுக்கிற ரிஸ்க்கா இது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பத்து வயதுப் பெண்ணிடம் தினமும் “உன் முடி அடங்கவே மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே சீவினால், அவள் மனதில் பதிவது முடியைப் பற்றிய குறை மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகள் தலையை மடியில் வைத்து, கதை பேசிக்கொண்டே முறுக்கிவிட்டால், அந்தப் பேச்சே மாறும்.

சுருக்கமாக

• ட்விஸ்ட் முடியை வளர்க்காது, உடையாமல் காக்கும்

• நம்ம ஊர் முடிக்கு 5 முதல் 10 நாள், குழந்தைகளுக்கு ஒரு வாரம்

• சிக்கெடுப்பதும் அவிழ்ப்பதும் நுனியிலிருந்து மேலே

• ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம், சேர்த்துச் சுற்றுவது எதிர்ப் பக்கம்

• வேரில் தளர்வாக இருக்கட்டும்; ஈரத்தோடு கட்டிப் படுக்க வேண்டாம்

• வலித்தால் அவிழ்த்துவிடுங்கள்

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. தலைத் தோலில் புண், கொப்புளம், திட்டுத் திட்டாக முடி கொட்டுவது இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.)